ராவில் எடுத்தால் ராவெல்லாம் வேலை

எங்கள் குமரி மாவட்டத்துத் தோவாளைப் பூச்சந்தையில் கேந்திப் பூவைப் படம் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். விடியும் முன், மஞ்சள் பல்பு வெளிச்சத்தில், பூ குவியல் குவியலாகக் கிடக்கும். கண்ணுக்கு ஒவ்வொரு இதழும் தனித்தனியாகத் தெரியும். வீட்டுக்கு வந்து படத்தைத் திறந்தால் இதழே இருக்காது. ஆரஞ்சு பெயிண்டைக் கொட்டி வைத்தது போல ஒரே அப்பல். ஃபோகஸ் தவறிவிட்டது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஃபோகஸ் சரியாகவே இருந்தது. கேமரா முடித்துத் தரும் வழக்கமான படக் கோப்பான ஜேபெக்கில் சிவப்பின் அளவு 0 முதல் 255 வரைதான். அந்தப் பூ 255-ல் போய் முட்டி நின்றுவிட்டது. முட்டிய பிறகு இதழுக்கும் இதழுக்கும் வித்தியாசம் காட்ட எண் மிச்சமில்லை.

நல்லவேளையாக அன்று ராவிலும் (RAW), அதாவது சமைக்காத மூலக் கோப்பிலும், சேர்த்தே எடுத்திருந்தேன். அதைத் திறந்து வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கியதும் இதழ்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. அன்றிலிருந்து நான் ரா கட்சி என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அப்படி இல்லை. ஏன் இல்லை என்பதற்குத்தான் இவ்வளவு பேச்சு.

கேமராவுக்குள் நடப்பதை முதலில் பார்ப்போம். வெளிச்சத்தை அளக்கும் சென்சாரில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்புதான் இன்றும் பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது. நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சைக்கு, ஒன்று சிவப்புக்கு, ஒன்று நீலத்துக்கு. இந்த அளவுகளை அப்படியே எழுதி வைத்தால் அது ரா. 14 பிட் கேமராவில் ஒரு புள்ளியின் அளவு 16,384 படிகளில் ஏதாவது ஒன்றாக இருக்கலாம். ஜேபெக் கேட்டால் கேமராவே உட்கார்ந்து சமைக்கிறது. விடுபட்ட நிறங்களைப் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்து நிரப்பும். ஒயிட் பேலன்ஸ் (விளக்கின் நிறத்துக்கு ஏற்ற திருத்தம்), கான்ட்ராஸ்ட், கூர்மை எல்லாம் சேர்க்கும். பிறகு நிறத்துக்கு 256 படிகளாகக் குறைத்து, படத்தை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண் தேடாத நுணுக்கங்களை வெளியே தள்ளிவிடும். 1992-ல் வந்த தரநிர்ணயம். இன்னும் அசையாமல் நிற்கிறது.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ரா என்பது குளச்சலில் கரை இறங்கிய மீன். ஜேபெக் என்பது தேங்காய் அரைத்து, புளி விட்டு, இறக்கி வைத்த கறி. கறி ருசியாக அமைந்துவிட்டால் பேச்சே இல்லை. உப்பு கூடிப்போனால் அந்த மீனை எடுத்துக் கழுவிப் பொரிக்க முடியாது.

எனக்கு உப்பு கூடியது ஒரு கல்யாணத்தில். முந்தின நாள் ரிசப்ஷன் மண்டபத்தில் பல்பு வெளிச்சத்துக்காக வைத்த ஒயிட் பேலன்ஸை மறுநாள் சர்ச்சில் மாற்ற மறந்துவிட்டேன். ஜேபெக் மட்டும்தான் எடுத்தேன். பூசை முழுக்க நீலம். கம்ப்யூட்டரில் நீலத்தைக் குறைத்தால் முகத்தில் சிவப்பு திரும்பி வரவில்லை, சாம்பல்தான் வந்தது. பெண்ணின் அம்மா ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, “எம் பிள்ள மேலுக்கு முடியாதவ மாதிரில்லா இருக்கா மக்கா” என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ராவில் ஒயிட் பேலன்ஸ் என்பது கோப்பின் ஓரத்தில் எழுதி வைத்த குறிப்பு மட்டும்தான். அளவுகளை அது தொடுவதில்லை. ஒரு படத்தில் திருத்தி, அதையே மற்ற எல்லாவற்றுக்கும் ஒட்டிவிட்டால் தீர்ந்தது.

இந்த மாவட்டத்து சர்ச் கல்யாணங்கள் ஜேபெக்குக்கு ஒரு சோதனைக்களம். பெண்ணுக்கு வெள்ளைச் சேலை, மாப்பிள்ளைக்குக் கறுப்புக் கோட்டு. உள்ளே டியூப்லைட், வண்ணக் கண்ணாடி ஜன்னல், வீடியோக்காரரின் எல்இடி விளக்கு, மூன்றும் மூன்று நிறம். வாசலைத் தாண்டினால் உச்சி வெயில். சேலையின் லேஸ் வேலைப்பாடு தெரிய வேண்டும், கோட்டின் மடிப்பும் தெரிய வேண்டும். இங்கே நான் தயங்குவதே இல்லை, ராதான்.

ராவை மந்திரக்கோல் என்று நம்பிவிடவும் கூடாது. சென்சாரின் மூன்று நிறப் புள்ளிகளும் நிரம்பி வழிந்துவிட்டால் ராவிலும் அங்கே வெறும் வெள்ளைதான். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. ராவில் எடுத்தாலும் கேமராவின் பின்திரையில் தெரிவது உள்ளே பொதிந்து வைத்த சிறு ஜேபெக். ‘வெளுத்துவிட்டது’ என்று திரை சிமிட்டினாலும் ராவில் கொஞ்சம் இருப்பு மிச்சம் இருக்கலாம்.

எதிர்க்கட்சிக்கு வருவோம். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த அண்ணாச்சி வடசேரியில் ஸ்டுடியோ வைத்திருந்தவர், பிலிம் காலத்து ஆள். நான் ராவைப் பற்றி அளந்துகொண்டிருந்தபோது, “லேய் மக்கா, வெளிச்சத்தப் பாத்து எடுக்கத் தெரியாதவனுக்குத்தாம்ல அது” என்றார். அன்று கோபம் வந்தது. இப்போது யோசித்தால் பாதி உண்மை. பள்ளி ஆண்டுவிழா மேடை போல வெளிச்சம் மாறாத இடத்தில், முதல் பத்துப் படத்தில் அளவைச் சரிசெய்துவிட்டால் மிச்சம் ஐந்நூறும் ஜேபெக்கில் ஒழுங்காகவே வரும். அச்சிட்டு பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எதிலிருந்து வந்தது என்று என்னாலேயே சொல்ல முடியாது. வித்தியாசம் பார்ப்பதில் இல்லை, பிறகு திருத்தும்போது பிடித்து இழுப்பதில் இருக்கிறது.

அந்த இழுப்பு வேலைக்கு ஆகும் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ஜேபெக் ஏறத்தாழ 10 எம்பி, ரா 25 முதல் 30 எம்பி. கல்யாணத்துக்கு 1,500 படம் என்றால் ஜேபெக் 15 ஜிபி, ரா 40 ஜிபி பக்கம். ஹார்ட் டிஸ்க் விலையைச் சமாளித்துவிடலாம். ஆனால் தேர்ந்தெடுத்த 400 படங்களுக்குத் தலா இரண்டு நிமிடம் என்றாலும் 13 மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். இதற்கு யாரும் தனியாகக் காசு தருவதில்லை. தமிழில் ‘ரா’ என்றால் இரவு என்பது சும்மா அமைந்த பொருத்தமாகத் தோன்றவில்லை.

வேகமும் ஜேபெக் பக்கம்தான். தேரூர் குளத்தில் நாரை எழும்பும்போது விரலை எடுக்காமல் அழுத்தினால், ராவில் என் பழைய கேமரா கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டி நின்றுவிடும். மெமரி கார்டில் எழுதி முடிப்பதற்குள் நாரை மணக்குடி போய்ச் சேர்ந்திருக்கும். செய்திப் படங்களுக்கும் இதே கதை. 2015-ல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் தன் ஃப்ரீலான்ஸ் புகைப்படக்காரர்களிடம் ராவிலிருந்து உருவாக்கிய படம் வேண்டாம், கேமராவிலேயே ஜேபெக்காக எடுத்ததை அனுப்புங்கள் என்றது. வேகம் ஒரு காரணம். கண்டபடி திருத்தக் கூடாது என்பது இன்னொன்று.

குமரி முனையின் விடியல் இரண்டுக்கும் நடுவில். 133 அடி வள்ளுவர் சிலை வானத்தின் முன்னே கறுப்பு உருவமாக நின்றால் போதும் என்றால் ஜேபெக் தாராளம். சிலையின் கல்வரிகளும் வேண்டும், பின்னால் வானத்தின் நிறமும் வேண்டும் என்றால் ரா வேண்டும். ஜேபெக்கில் இருட்டைத் தூக்கினால் கட்டம் கட்டமாகத் திட்டுகள் கிளம்பும். வானத்தை அடர்த்தியாக்கினால் நிறம் இழையாமல் வரிவரியாக உடையும்.

இரண்டையும் சேர்த்தே எடுக்கும் வசதி பெரும்பாலான நல்ல கேமராக்களில் உண்டு. கார்டு சீக்கிரம் நிறையும், அவ்வளவுதான். ராவிலேயே இழப்பில்லாமல் சுருக்கும் வகை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைப் போடுங்கள். ஜிப் கோப்பு போல, எதுவும் தொலையாது. ரா கோப்பு கம்பெனிக்கு ஒரு ஜாதி என்பதால் புதுக் கேமராவின் கோப்பைப் பழைய மென்பொருள் திறக்காது. அடோபி 2004-ல் கொண்டுவந்த டிஎன்ஜி என்ற பொதுவான ரா வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். காசு செலவழிக்க மனமில்லாதவர்களுக்கு ராவைத் திருத்தும் மென்பொருள்களில் டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம். செல்போனில் ரா எடுப்பது பெரும்பாலும் வீண் வேலை: பல படங்களை அடுக்கிச் சேர்த்து அது தரும் ஜேபெக்கை, ஒற்றை ராவை வைத்துக்கொண்டு நம்மால் எட்டிப்பிடிப்பது கஷ்டம்.

இப்போது என் கேமராவில் சர்ச்சும் பூச்சந்தையும் ரா, ஆண்டுவிழாவும் குளமும் ஜேபெக், குமரி விடியலுக்கு இரண்டும். போன ஓணத்துக்கு முன்னால் தோவாளையில் எடுத்த கேந்தியும் பிச்சியும் கோழிக்கொண்டையும் 300-க்கும் மேல் ராவாகவே ஹார்ட் டிஸ்கில் கிடக்கின்றன. இன்னும் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.