கன்னியா வெந்நீர்க் கிணறுகள்: நீண்ட விடுமுறைக்கு ஏற்ற இடமா?

சுதந்திர தினமான பெப்ரவரி 4ஆம் திகதி வார இறுதியை ஒட்டி வரும்போது, திருகோணமலையில் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்ற கேள்வி எழுகிறது. புறாத்தீவுக்குப் படகேற அது உகந்த பருவமன்று. வடகீழ்ப் பருவக்காற்றின் மிச்சத்தில் கடல் முழுமையாக அடங்கியிராது. ஆகவே, அனுராதபுர வீதி வழியே நகரிலிருந்து சுமார் 8 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கன்னியாவையே நான் பரிந்துரைப்பேன்.

அருகருகே அமைந்த 7 சிறு கிணறுகளும் வெவ்வேறு சூட்டில் இருப்பதே இவ்விடத்தின் தனிச்சிறப்பு. இறங்கிக் குளிப்பதில்லை, வாளியால் அள்ளித்தான் ஊற்றிக்கொள்ள வேண்டும். ஒன்றில் வெதுவெதுப்பாக இருந்த நீர் இன்னொன்றில் சுள்ளென்று சுடும்போது, பிள்ளைகள் கூச்சலிட்டபடி கிணற்றுக்குக் கிணறு ஓடி ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் உண்டாக்கிய ஊற்றுகள் இவை என்ற கதையை அம்மம்மாமார் அங்கேயே வைத்துச் சொல்லலாம்.

விடுமுறை நாள்களில் சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேர்ந்தபின் வாளி கிடைப்பதே அரிது என்பதால், காலையிலேயே போய்விடுவது நல்லது. துவாயும் மாற்றுடையும் அவசியம். எஞ்சிய பொழுதுக்குத் திருகோணமலை நகரில் பிரெட்ரிக் கோட்டை இருக்கிறது. மரநிழலில் மேயும் மான்களைப் பார்த்தபடி கோணேசர் கோயில்வரை நடந்தே செல்லலாம். குளிப்புக்கு ஒரு மணி நேரமே போதுமாகையால், கன்னியாவை மட்டும் நம்பி வெளியூரிலிருந்து புறப்படுவோருக்குச் சற்று ஏமாற்றமே மிஞ்சும்.