ஒட்டிய டயரைக் கழற்றி ரிம்மைக் காப்பாற்றுவது: 3 வருட அனுபவம்

என்னிடம் இருப்பது 1:8 அளவு (நிஜக் காரில் எட்டில் ஒரு பங்கு) பக்கி (buggy) வகை ரிமோட் கார். சிமென்ட் தரையில் ஓட்டினால் டயரின் பற்கள் சீக்கிரமே மழுங்கிவிடும். ரிம் மட்டும் புதிதுபோலவே இருக்கும். இரண்டும் சயனோஅக்ரிலேட், அதாவது சூப்பர் க்ளூ வகைப் பசையால் ஒட்டியிருப்பதால் பலர் சேர்த்தே தூக்கிப் போடுகிறார்கள். எனக்கு மனம் வரவில்லை.

முதலில் கத்தியால் அறுத்தேன். ரிம்மில் டயர் உட்காரும் பள்ளம் கீறிப்போய், புது டயர் சரியாக உட்காரவே இல்லை. கத்தியை அன்றோடு விட்டுவிட்டேன்.

அடுத்து கொதிநீர். சூடேறினால் இந்தப் பசை வலுவிழக்கும். சமையலுக்கு எடுக்காத பழைய பாத்திரத்தில் 20 நிமிடம் கொதிக்கவிட்டு, தடித்த கையுறையோடு ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்ப வேண்டும். ஒரே தடவையில் வராது. எனக்கு மூன்று தடவையாவது ஆகும். ஆவி கண்ணைக் கரிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். டயரையும் திரும்பப் பயன்படுத்த நினைத்தால் இதுதான் நல்ல வழி. உள்ளே போன தண்ணீரைப் பிழிந்து, டயருக்குள் இருக்கும் ஃபோமை (பஞ்சு வளையத்தை) இரண்டு நாள் காயவிட்டால் போதும்.

ரிம் மட்டும் போதும் என்றால் பசையைக் கரைக்கும் அசிட்டோன் திரவம். மூடி இறுக்கமான கண்ணாடி ஜாடியில் ஒன்றரை நாள் ஊறவிடுவேன். டயர் ஊறிய கொண்டைக்கடலைபோல உப்பி, கையாலேயே கழன்று வரும். காய்ந்தால் பழைய அளவுக்குச் சுருங்கும், ஆனால் என் டயர்களில் ரப்பர் கொஞ்சம் விறைத்துப் போனது. ஃபோம் பெரும்பாலும் வீண்தான்.

இதில் இரண்டு விஷயத்தில் கவனம் தேவை. நைலான் ரிம் அசிட்டோனைத் தாங்கும். குரோம் பூசியவை பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக், கரைந்துவிடும். சந்தேகம் இருந்தால் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் வேண்டாம். அப்புறம், அசிட்டோன் ஆவி -20 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கக்கூடியது. அடுப்பு, விளக்கு பக்கமே கொண்டுபோகாதீர்கள். நான் மொட்டைமாடி நிழலில்தான் வைப்பேன். ஊறவைத்ததைச் சூடாக்கி வேகப்படுத்தவும் கூடாது.

கழற்றிய பின் பள்ளத்தில் மிஞ்சிய பசையை மரக்குச்சியால் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைப்பேன். புது டயரின் ஓரத்தையும் துடைக்க வேண்டும். அந்த வழவழப்பு போகாவிட்டால் பசை பிடிக்காது. பிறகு தண்ணீர்போல ஓடும் வகை சூப்பர் க்ளூவைச் சொட்டு சொட்டாக விட்டு, சுற்றிலும் ரப்பர் பேண்ட் போட்டு வைப்பேன்.

என் மஞ்சள் ரிம் நான்கில் இப்போது ஓடுவது நான்காவது செட் டயர்கள். ஒரு ரிம்மின் நடுவில், 17 மி.மீ. ஹெக்ஸ் (சக்கரத்தை அச்சோடு பிணைக்கும் அறுகோணத் துண்டு) உட்காரும் இடத்தில் மட்டும் மெல்லிய விரிசல். அது சுவரில் மோதியதால் வந்தது.