மேசைப் பயிற்சியா, முழு ஒத்திகையா: குமரி மருத்துவமனைகளுக்கு எது முதலில்?

பேரிடருக்கு மருத்துவமனையைத் தயார்படுத்த இரண்டு வழிகள் பரவலாக உண்டு. ஒன்று மேசைப் பயிற்சி. கண்காணிப்பாளர், செவிலியர்கள், மருந்தாளுநர், எலக்ட்ரீசியன், 108 ஊழியர் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து, ஒரு கற்பனை நிலவரத்தைப் பேசியே கடந்துபார்ப்பது. இன்னொன்று மாக் டிரில் எனப்படும் முழு ஒத்திகை: சைரன், ஸ்ட்ரெச்சர், காயம்பட்டவர்களாக நடிக்கும் மாணவர்கள்.

குமரி மாவட்டத்துக்கு முதலில் வேண்டியது மேசைப் பயிற்சிதான் என்பேன். 2017 நவம்பர் 30-ஐ நினைத்துப் பாருங்கள். ஒக்கிப் புயல் அடித்ததில் மரங்கள் சாலைகளை மறித்துக் கிடந்தன, மின்கம்பங்கள் சாய்ந்தன, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படியொரு நாளில் நைட் டியூட்டி முடித்த செவிலியரை மாற்ற அடுத்தவர் எப்படி வந்து சேர்வார்? ஜெனரேட்டருக்கு டீசல் எத்தனை மணி நேரம் தாங்கும்? குளச்சலிலிருந்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு நோயாளியை அனுப்ப மாற்று வழி எது? செல்போன் எடுக்காவிட்டால் டாக்டரை யார் போய்க் கூப்பிடுவது? இதற்கெல்லாம் ஒரு பிற்பகலும் மாவட்ட வரைபடமும் போதும். செலவு குறைவு, வார்டு வேலையும் கெடாது.

ஆனால் மேசையில் எதுவும் பழுதாவதில்லை. "ஜெனரேட்டர் ஓடும்" என்று ஒருவர் சொன்னால், ஓடியதாகவே வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். கை பழகவும் வழியில்லை. காயம்பட்டவர்களை அவசரத்தைப் பொறுத்துப் பிரிக்கும்போது, மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டினால் சிவப்பு அட்டை (உடனே பார்க்க வேண்டியவர்), நடந்து வருபவருக்குப் பச்சை (காத்திருக்கலாம்) என்று படித்திருக்கலாம். அலறும் கூட்டத்துக்கு நடுவே நொடிகளில் பிரிப்பது முழு ஒத்திகையில்தான் வரும்.

அதையும் முன்கூட்டியே சொல்லி, வேலைநாளில் காலை பதினொரு மணிக்கு நடத்தினால் பாதிப் பயன் போச்சு. 2004-இல் சுனாமி வந்தது கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில். கிறிஸ்தவர்கள் நிறைந்த நம் மாவட்டத்தில் எத்தனை பேர் லீவில் இருக்கும் நாள் அது!

ஆசாரிப்பள்ளம் போன்ற பெரிய இடத்தில் ஆண்டுக்கு ஒருமுறையாவது முழு ஒத்திகை வேண்டும். குளச்சல், குழித்துறை மாதிரி மருத்துவமனைகளில் இரண்டு பருவமழைகளுக்கும் முன்னால் மேசைப் பயிற்சி, அப்புறம் ஏதோ ஒரு ஞாயிறு விடியலில் சொல்லாமல் ஊழியர்களை அழைத்துப் பார்ப்பது, இவை போதும். அதிலும் காவல்துறைக்கும் பங்குத்தந்தைக்கும் மட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும். கடற்கரை ஊர்களில் சுனாமி என்ற வதந்தி கிளம்பினால் வயதானவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.