வெள்ளைக் கோடு போட்ட புல்லு வாங்கின நர்சரி, 4/5

போன மாசம் சிங்கப்பூர்ல சுங்கை தெங்கா பக்கம் ஒரு நர்சரிக்குப் போனேன், இலையில வெள்ளைக் கோடு ஓடுற புல்லுன்னா எனக்கு உசுரு. கண்ணு முதல்ல போனது ஆளுயரத்துக்கு நின்ன நாணல் வகை மேலதான், பச்சையும் வெண்ணெய் நிறமுமா அப்படி ஒரு அழகு. எங்க வைக்கப்போறீங்கம்மான்னு கடை அங்கிள் கேட்டாரு, வீவக வீடு (அரசு அடுக்குமாடி), வாசல் தாழ்வாரம்னேன். அப்ப வேணாம்மா, இது மண்ணுக்குள்ள கிழங்கு விட்டுப் பரவும், நடக்க 1.2 மீட்டர் வழி விடணும்ல, அதுல வந்து சாயும்னுட்டாரு. சரி ஜப்பான் மலைப்புல்லு ஹகோனெக்ளோவா இருக்கான்னு கேட்டா, அது குளிர்ல படுத்து அப்புறம் தளிர்க்கிற புல்லு, நம்ம வெக்கைக்கு நிக்காதுன்னாரு. விலை கூடுன செடிய வித்துடலாம்னு நினைக்காம பேசினது எனக்கு ரொம்பப் புடிச்சது.

கடைசியில செயின்ட் அகஸ்டின் புல்லுல கோடு போட்ட வகை ரெண்டு தொட்டி, ஒண்ணு 9 வெள்ளி. இலை நுனி கூரா இருக்காது, படகு மூக்கு மாதிரி மழுங்கி இருக்கும், கோடும் ஒரு இலை மாதிரி இன்னொண்ணு இல்ல. அருகம்புல் மாதிரியே கணுவுக்குக் கணு வேர் விட்டு ஓடும், தொங்க விட்டா இன்னும் அழகு.

குறைன்னா, ரெண்டாவது தொட்டியில கோடே இல்லாத சுத்தப் பச்சைத் தண்டு மூணு இருந்துச்சு, விக்கும்போது யாரும் சொல்லல, எனக்கும் அப்ப தெரியல. வெள்ளைப் பாகத்துல பச்சையம் கிடையாது, அதனால பச்சைத் தண்டுதான் வேகமா வளரும், மூணு வாரத்துல தொட்டி பாதி பச்சை. அடியோட அறுத்து எடுத்தப்புறம்தான் கோட்டுத் தண்டுக்கு மூச்சு வந்துச்சு. போட்டோ அனுப்பினேன், கடையிலருந்து பதில் இல்ல, அதுக்குத்தான் ஒரு ஸ்டார் கொறச்சேன். நீங்க வாங்கும்போது இலைய விலக்கி அடியில பாத்துட்டு வாங்குங்க.

மதிய வெயில்ல வெள்ளை ஓரம் கருகுச்சு, காலை வெயில் பக்கம் மாத்தினேன், இப்ப நல்லா இருக்கு. தொட்டித் தட்டுல தண்ணி நிக்க விடாதீங்க, டெங்கு கொசுவுக்கு அது போதும்.

எதிர்வீட்டு மக்சிக்குக்கு, அதான் மலாய் ஆன்ட்டிக்கு, கணுவோட ரெண்டு துண்டு வெட்டிக் குடுத்தேன், நேத்து கூப்பிட்டுக் காட்டுறாங்க, வேர் புடிச்சு புது இலை வந்திருக்கு, அதுலயும் கோடு இருக்கு.