மொத்தமாகப் பிளாஸ்டிக் பெட்டி வாங்குவோர் கவனத்திற்கு: காட்டிய மாதிரி ஒன்று, வந்த சரக்கு வேறு

இட்லிப் பொடி, பருப்புப் பொடி, சாம்பார்ப் பொடி ஆகியவற்றை வீட்டிலேயே அரைத்து விற்பதுதான் எங்கள் குடும்பத்தின் பிழைப்பு. பருப்பையும் மிளகாயையும் சாக்கில் வைத்தால் வண்டும் எலியும் விடுவதில்லை என்பதால், மூடியும் இரு பக்கக் கிளிப்பும் கொண்ட 50 லிட்டர் பெட்டிகள் 24 வேண்டும் என்று சென்னை பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரியிடம் கேட்டோம். அவர் காட்டிய மாதிரிப் பெட்டி பால் நிறத்தில், உள்ளே இருப்பது மங்கலாகத் தெரியும்படி, வாடையே இல்லாமல் இருந்தது. அதை விலை கொடுத்துக் கையோடு எடுத்து வந்தோம். மீதி 23 பெட்டிகள் லாரி பார்சலில் வந்தன. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது.

வந்தவை அடர் சாம்பல் நிறத்தில் இருந்தன. "கலர் மட்டும்தான் வேறு, மெட்டீரியல் அதேதான்" என்று வியாபாரி தொலைபேசியில் சொன்னார். ஆனால் தராசு வேறு கணக்குச் சொன்னது. மாதிரிப் பெட்டி மூடியோடு 2 கிலோ 350 கிராம் இருந்தது. வந்தவற்றில் எதை எடுத்து வைத்தாலும் 1 கிலோ 700 கிராமைத் தாண்டவில்லை. அதே வெளியளவுள்ள பெட்டியில் அரைக் கிலோவுக்கு மேல் குறைகிறது என்றால் சுவரின் தடிமன் குறைந்திருக்கிறது என்றுதான் பொருள். பருப்பை நிரப்பி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியதும் அடிப்பெட்டிகளின் பக்கங்கள் பிதுங்கின. கிளிப்புகள் மடியும் இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்து, சில நாள்களிலேயே உடைந்தன.

வாடைதான் எல்லாவற்றையும்விட மோசம். கழுவிக் காயவைத்து, மூடியைப் போட்டுச் சிறிது நேரம் வெயிலில் வைத்துத் திறந்தால், பழைய எண்ணெய்யும் சோப்பும் கலந்தது போன்ற நெடி முகத்தில் அடித்தது. பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்யும் ரீபிராசஸ் சரக்கில் இந்த நெடி வருவது வழக்கம். பல நிறக் கழிவைக் கலந்து உருக்கினால் வெளிர் நிறம் கிடைக்காது என்பதால், அத்தகைய சரக்குப் பெரும்பாலும் கறுப்பிலோ அடர் சாம்பலிலோதான் வருகிறது. அடர் நிறப் பெட்டி எல்லாமே மட்டமானது என்று நான் சொல்லவில்லை. ஆனால் உணவுப் பொருளுக்கு வாங்கும்போது வெளிர் நிறத்தையே கேட்பது பாதுகாப்பானது.

பெட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருப்பதைக் காட்டி, "இதுதான் புட் கிரேடு முத்திரை" என்று வியாபாரி வாதிட்டார். அந்த எண் அது பாலிப்ரொப்பிலீன் என்ற வகையை மட்டுமே சொல்கிறது. உணவுக்கு ஏற்றதா என்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. 2018ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புப் பொதியிடல் ஒழுங்குமுறைப்படி, உணவுப் பொருளை அடைக்கவோ சேமிக்கவோ பயன்படும் பிளாஸ்டிக் கலன்களின் மூலப்பொருள் இந்தியத் தர நிர்ணயத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். பாலிப்ரொப்பிலீனுக்கு அது ஐ.எஸ். 10910. கோப்பையும் முட்கரண்டியும் சேர்ந்த குறியும் உணவுக்கு ஏற்றது என்பதைக் குறிக்கும். எங்கள் பெட்டிகளில் இரண்டுமே இல்லை.

கொள்ளளவிலும் ஏமாற்று இருந்தது, அதுவும் மாதிரிப் பெட்டியிலேயே. வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை 55 செ.மீ. நீளம், 36 செ.மீ. அகலம், மூடியோடு 25.5 செ.மீ. உயரம், மூன்றையும் பெருக்கி 1000ஆல் வகுத்தால் 50 லிட்டர் வந்துவிடுகிறது. ஆனால் விளிம்பு வெளியே நீண்டிருக்கிறது, மூடி இடத்தை எடுத்துக்கொள்கிறது, அடிப்பக்கம் குறுகிப் போகிறது. 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை முழுதாக ஊற்றிய பின், இரண்டாவது கேனில் 14 லிட்டர் ஊற்றும்போதே தண்ணீர் வழிந்தது. 40 கிலோ துவரம் பருப்பு கொள்ளும் என்று நாங்கள் போட்டிருந்த கணக்கு 27 கிலோவில் நின்றுவிட்டது. அலமாரிக்கோ கிடங்குக்கோ இடம் கணக்கிட்டு வாங்குவோர், உள்ளளவு எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

முதலில் வெறும் எஸ்டிமேட் சீட்டுதான் தந்தார். வற்புறுத்திய பிறகே ஜிஎஸ்டி பில் வந்தது. அதிலும் "பிளாஸ்டிக் பாக்ஸ்" என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. ஆயினும் "புட் கிரேடு, 50 லிட்டர், வர்ஜின்" (வர்ஜின் என்றால் பழையதை உருக்கிச் செய்யாத புது பிளாஸ்டிக்) என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எங்களிடம் இருக்கிறது. பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சிட்டிருப்பதைக் காட்டி மறுத்தார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதை ஏற்பதில்லை: குறைபாடுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லப்படாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தர மறுப்பதும் அப்படியே. "நீங்கள் வியாபாரத்துக்கு வாங்கினீர்கள், நுகர்வோர் இல்லை" என்பது அவருடைய அடுத்த வாதம். சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவரை அதே சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்த பிறகு, பாதித் தொகைக்கு வேறு சரக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தார். நாங்கள் ஏற்கவில்லை, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் சென்றிருக்கிறோம். நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம், 2 ஆண்டுக்குள் செய்ய வேண்டும், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை.

பெட்டிகளில் சிலவற்றைப் புகாருக்குச் சான்றாகத் தொடாமல் வைத்திருக்கிறோம். மற்றவற்றில் லேபிள், டேப், காலிக் கவர் ஆகியவை இருக்கின்றன. வீட்டில் ஒன்றில் ஸ்பேனர்களும் இன்னொன்றில் பழைய ஒயர்களும். பட்டுப்புடவைக்கோ குழந்தைத் துணிக்கோ இவற்றைப் பயன்படுத்த முடியாது, நெடி துணியில் ஏறிவிடுகிறது. பார்சலில் வாங்குவோர், மாதிரிப் பெட்டியைக் கடைக்காரரின் கையெழுத்தோடு தங்களிடமே வைத்துக்கொண்டு, அதன் எடையையும் பில்லில் எழுதச் சொல்லி, சரக்கு வந்ததும் பார்சல் அலுவலகத்திலேயே இரண்டு மூன்று பெட்டிகளை நிறுத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு மீதிப் பணத்தை அனுப்பவும்.