சிடிஎல்ஏ-4ஆ, பிடி-1ஆ: புற்றுநோய் மிதிப்பது எந்தப் பிரேக்கை?

2018இல் ஜேம்ஸ் ஆலிசனும் தசுகு ஹோன்ஜோவும் மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்டதிலிருந்து, அவர்கள் ஆராய்ந்த சிடிஎல்ஏ-4, பிடி-1 என்ற இரண்டு பிரேக்குகளையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். நோயெதிர்ப்புப் படையின் வீரனான டி செல்லின் மேல் இருந்து அதை அடக்குகிற புரதங்கள் என்ற அளவில் இரண்டும் ஒரே ஜாதிதான். யார் மிதிக்கிறார்கள், எங்கே மிதிக்கிறார்கள் என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

பிடி-1ஐ மிதிப்பது பெரும்பாலும் புற்றுநோய் செல்லேதான். டி செல் கட்டிக்குள் நுழைகிறது, எதிரியை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்கிறது, தாக்கும்போதே இன்டர்ஃபெரான் காமாவைக் கொட்டுகிறது. அக்கம்பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்தும் வேதிச் செய்தி அது. புற்றுநோய் செல் அதை ஒட்டுக்கேட்கிறது. கேட்டதும் தன் மேற்பரப்பில் பிடி-எல்1 புரதத்தைக் கூட்டுகிறது. அது டி செல்லின் பிடி-1இல் போய்ப் பொருந்த, வந்த வேகம் அடங்கிவிடுகிறது. அடிக்க வந்தவன் போட்ட சத்தமே அவன் வாயை அடைக்கிறது! இது போதாதென்று, சில கட்டிகள் எக்ஸோசோம் என்ற நுண்பைகளில் பிடி-எல்1ஐ ஏற்றி ரத்தத்திலும் விடுகின்றன.

சிடிஎல்ஏ-4 வேலை பார்ப்பது முக்கியமாக நிணநீர் முடிச்சில். எதிரியின் அடையாளத்தை டி செல்லுக்குக் காட்டும் டென்ட்ரைடிக் செல் நீட்டும் பி7 புரதத்தை, டி செல்லின் மேலுள்ள சிடி28 என்ற புரதம் பிடித்தால் டி செல் முடுக்கப்படும். அதே பி7ஐ சிடிஎல்ஏ-4 இன்னும் இறுக்கமாகப் பிடித்து, முந்திக்கொள்கிறது. இங்கே புற்றுநோய்க்கு நேரடிப் பங்கில்லை. உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளாமலிருக்க வைத்திருக்கும் பொதுப் பிரேக் இது. சிடிஎல்ஏ-4 இல்லாமல் பிறக்கும் எலிகள் சில வாரங்களிலேயே செத்துப்போகும். பிடி-1 இல்லாத எலிகளுக்கு, உடம்பு தன்னையே தாக்கும் லூபஸ் போன்ற நோய் வரும், அதுவும் மெதுவாக. எந்த மருந்து உடம்பை அதிகம் உலுக்கும் என்பதை எலிகள் முன்பே சொல்லிவிட்டன.

மெலனோமா என்ற தோல் புற்றுநோய் முற்றிய 945 பேரிடம் நடந்த சோதனையைப் பாருங்கள். பத்தாண்டுக்குப் பிறகு உயிரோடிருந்தவர்கள், சிடிஎல்ஏ-4ஐத் தடுக்கும் இபிலிமுமாப் மட்டும் பெற்றவர்களில் 19 சதவீதம், பிடி-1ஐத் தடுக்கும் நிவோலுமாப் பெற்றவர்களில் 37, இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 43. தனித்தனியாக நிறுத்தினால் என் ஓட்டு பிடி-1க்குத்தான்: புற்றுநோய் பேசும் இடத்திலேயே பேச்சை வெட்டுகிறது. கூட்டு மருந்தின் கூடுதல் லாபத்துக்கு விலை உண்டு. ஏறக்குறைய 59 சதவீதம் பேருக்குக் கடும் பக்கவிளைவுகள். குடல் அழற்சி அதில் முக்கியமானது.

ஆனால் கட்டிக்குள் டி செல்லே வரவில்லை என்றால்? அங்கே வெட்டுவதற்குப் பேச்சே இல்லை. பிடி-1 மருந்து கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். நிணநீர் முடிச்சிலிருந்து புதுப் படையைக் கிளப்பும் சிடிஎல்ஏ-4 தடுப்புக்கு அங்கேதான் மதிப்பு.

இரண்டும் தோற்கும் இடமும் உண்டு. பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் மரபணு பழுதானால், டி செல்லுக்குத் தன் அடையாளத்தைக் காட்டும் தட்டையே புற்றுநோய் செல் இழந்துவிடும். பார்க்க முடியாதவனுக்குப் பிரேக்கை விடுவித்து என்ன பயன்? தட்டு தேவைப்படாத கார்-டி செல், அதாவது புற்றுநோயைக் குறிவைக்க மரபணு மாற்றப்பட்ட டி செல், அப்போது நினைவுக்கு வரும். அது சிடி19 போன்ற மேற்பரப்புப் புரதத்தை நேராகப் பற்றும். சில ரத்தப் புற்றுநோய்களில் 2017 முதல் அனுமதி பெற்ற வழி. அங்கேயும் சில லுகேமியா செல்கள் சிடி19ஐக் கழற்றிப் போட்டுவிட்டுத் தப்பிக்கின்றன.