இலவச முதல் வகுப்பை நம்பிச் சேரலாமா?

தற்காப்புக் கலைப் பள்ளிகள் தரும் இலவச முதல் வகுப்பில் இடம் சுத்தமா, வகுப்பு நேரத்துக்குத் தொடங்குகிறதா, மாஸ்டர் மரியாதையாகப் பேசுகிறாரா என்பதெல்லாம் தெரிந்துவிடும். அவரை நம்பி உடம்பை ஒப்படைக்கலாமா என்பது மட்டும் தெரியாது. அன்று யாரும் யாரையும் கீழே போடுவதில்லை, மூட்டை வளைத்துப் பிடிக்கும் பூட்டு கிடையாது, ஜோடியாக மோதிப் பழகும் ஸ்பாரிங் கிடையாது. கொஞ்சம் வார்ம்-அப், இரண்டு குத்து, ஒரு கிக், எதிரே ஒருவர் பிடிக்கும் பேடில் (அடி வாங்கும் திண்டில்) சில அடிகள், கடைசியில் சேர்க்கைப் படிவம். பேடின் சத்தத்தில் மயங்க வேண்டாம்: பிடிப்பவர் அதைச் சற்று முன்னே தள்ளி அடியை எதிர்கொண்டால், இன்று வந்தவரின் கிக்கும் வெடி போலக் கேட்கும்.

அதனால் வழக்கமான ஸ்பாரிங் வகுப்பு ஒன்றை ஓரமாக உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள். மறுத்தால் அதுவே பதில்.

அங்கே கவனிக்க வேண்டியது டேப், அதாவது 'போதும், விடு' என்று கையால் தட்டுவது. ஜூடோவிலும் ஜியு-ஜிட்சுவிலும் ஒருவர் தட்டிய நொடியில் பிடி விடுபட வேண்டும். மாணவர்கள் விடுகிறார்களா என்பதைவிட மாஸ்டர் விடுகிறாரா என்று பாருங்கள். செய்து காட்டும்போது தட்டிய பிறகும் 'பார்த்தீங்களா, இங்கதான் வலிக்கும்' என்று இன்னொரு முறை அழுத்துகிறவரிடம் மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் சேரத் தேவையில்லை. கழுத்து நெரிப்பு சரியாக விழுந்தால் பத்து நொடிக்குள்ளேயே மயக்கம் வரலாம்; அங்கே தாமதத்துக்கு இடமே இல்லை. முழங்கைப் பூட்டு பெரும்பாலும் வலித்து எச்சரிக்கும். குதிகாலைப் பிடித்துக் காலை முறுக்கும் குதிகால் பூட்டு அப்படியல்ல, வலி தெரியும் முன்பே முழங்கால் தசைநார் கிழிந்துவிடலாம். சர்வதேச பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு 2021-இல் அதை அனுமதித்தபோதும், கி என்ற தடித்த பயிற்சி உடை அணியாத பிரிவில் பிரவுன், பிளாக் பெல்ட் பெரியவர்களுக்கு மட்டும்தான் அனுமதித்தது. புதியவர்களை அதில் இறக்கிவிடும் மாஸ்டர் துணிச்சலானவர் அல்ல, கவனமில்லாதவர்.

எறிதல் உள்ள கலை என்றால் முதலில் விழக் கற்றுத்தர வேண்டும். படுத்த நிலையில் தொடங்கி, பிறகு குந்தியபடி, அப்புறம்தான் நின்றபடி. தாடை மார்போடு ஒட்டியிருக்க வேண்டும், கை உடம்பிலிருந்து ஏறக்குறைய 45 டிகிரியில் தரைவிரிப்பை (மேட்) அறைய வேண்டும். பின்னால் கையை ஊன்றினால் மணிக்கட்டு போகும்; தாடை தூக்கினால் பின்மண்டை அடிபடும். இந்த இரண்டையும் மாஸ்டர் ஒவ்வொருவரிடமும் போய்த் திருத்துகிறாரா? திருத்தத் தொடும் முன் 'தோளைப் பிடிக்கட்டுமா' என்று கேட்கிறாரா?

ஸ்பாரிங்கில் ஜோடி சேர்ப்பதே மாஸ்டரின் உண்மையான வேலை. புதியவரை இன்னொரு புதியவரோடு விடுவதைவிட, வேகத்தைக் குறைக்கத் தெரிந்த சீனியரோடு விடுவது நல்லது. 'இன்னைக்கு வேண்டாம் மாஸ்டர்' என்ற மாணவரைப் பேடுக்கு அனுப்புகிறாரா, கேலி செய்கிறாரா என்பதில் நிறைய தெரியும். தலையில் அடிபட்டுத் தடுமாறியவரை அன்றைக்கே மறுபடி இறக்கக் கூடாது. 'ஒண்ணுமில்ல, எழுந்திரு' என்பது அங்கே ஊக்கம் ஆகாது.

குழந்தைகள் வகுப்பில் பெற்றோர் பார்க்கத் தடை இருக்கக் கூடாது. மாஸ்டர் பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது, பெற்றோர் இருக்கும் குழுவிலேயே பேச வேண்டும்.

பெல்ட் டெஸ்ட் கட்டணம் எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, தோற்றால் மறுபடி கட்ட வேண்டுமா என்பதை எழுத்தில் கேளுங்கள். மாஸ்டர் சொல்லும் சான்றிதழை, அதைத் தந்த கூட்டமைப்பிடமே நேரடியாகச் சரிபாருங்கள். சுவரில் மாட்டிய ஃபிரேம் சான்று ஆகாது.

இலவச வகுப்புக்கு மதிப்பெண்: அறிமுகமாக 5-க்கு 4, மாஸ்டரை எடைபோட 5-க்கு 2. 'இன்னைக்கே சேர்ந்தா தள்ளுபடி' என்றால் அந்த 2-லும் ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள்.